எவ்வளவு குடையலாம்? கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சையும் சுழலும் ஃபைலும்

வேர் சிகிச்சை செய்த பல் சில ஆண்டுகளில் கைவிட்டுப் போனால், உள்ளே கிருமி மிஞ்சிவிட்டது என்றுதான் பெரும்பாலோர் முடிவு கட்டுகிறார்கள். மருத்துவர் இன்னும் ஆழமாக, இன்னும் அகலமாகக் குடைந்து சுத்தம் செய்திருக்கலாமே என்று தோன்றும். பிடுங்கிய பற்களைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். 1991-ஆம் ஆண்டில் வயர் என்னும் ஆய்வாளர், வேர் சிகிச்சைக்குப் பிறகு பிடுங்க நேர்ந்த 116 பற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஏன் போயிற்று என்று பிரித்துப் பார்த்தார். 59.4 விழுக்காட்டுப் பற்கள் மேற்பகுதி நிலைக்காமல் போனவை. அவற்றில் பெரும்பாலானவை உடைந்தவை. 32 விழுக்காடு ஈறு நோயால் போனவை. வேருக்குள் செய்த வேலையே தோற்றுப் பிடுங்க வேண்டி வந்தவை 8.6 விழுக்காடுதான். ஆகவே பல்லைக் காப்பாற்றப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சிகிச்சை முடிந்த பிறகு எவ்வளவு பல் மிஞ்சும் என்பது. வேர் நுனியில் கிருமியை விரட்ட எவ்வளவு குடைய வேண்டுமோ அவ்வளவு குடையட்டும். பல்லின் கழுத்தில் அதே அளவு தாராளம் தேவையில்லை. இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒன்றைப் பற்றித்தான்.

கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சுங்கை பெசார் வழியாக சபாக் பெர்ணம் வரை நீளும் கரையோரச் சாலையில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். சாதாரண வேர் சிகிச்சை பக்கத்து ஊரிலேயே கிடைக்கும். செய்த சிகிச்சை பிசகி, மைக்ரோஸ்கோப் வைத்து மறுபடி திறந்து பார்க்கும் நிபுணர் தேவைப்பட்டால், கிள்ளான், கோலாலம்பூர் என்று போக வேண்டியிருக்கும். பல் மருத்துவம் கற்றுத் தரும் பல்கலைக்கழகங்களில் பக்கத்தில் இருப்பவற்றுள் இரண்டு, சுங்கை பூலோவில் உள்ள யூ.ஐ.டி.எம். வளாகமும், 1972 முதல் பல் மருத்துவத் துறையை நடத்தும் மலாயாப் பல்கலைக்கழகமும். சபாக்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வருவது இருநூறு கிலோமீட்டருக்கு மேல். செம்பனைத் தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. உடைந்த பல்லுக்குப் பதில் இம்ப்ளாண்ட் வைக்க ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். இங்கே இரண்டாவது வாய்ப்பு விலை உயர்ந்தது. முதல் முறை வெட்டுவதில்தான் சிக்கனம் வேண்டும்.

சுழலும் ஃபைல் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தில் செய்த மெல்லிய அரம். சிறிய மோட்டாரில் பொருத்தினால் நிமிடத்துக்குச் சில நூறு சுற்று சுற்றும். அந்தக் கலவை உலோகம் பல்லுக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் உருவானது, நிட்டினால் என்ற பெயரிலேயே அந்த ஆய்வகத்தின் முதலெழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. 1988-ல் வாலியாவும் அவருடன் வேலை செய்தவர்களும், பல் வரிசையைச் சீராக்கப் பயன்படும் நிட்டினால் கம்பியைக் கடைந்து கை ஃபைல் செய்து பார்த்தார்கள். அது எஃகு ஃபைலைவிட இரண்டு மூன்று மடங்கு எளிதாக வளைந்தது. அதற்குப் பிறகுதான் இன்றைய இயந்திர ஃபைல்கள் வந்தன. ஃபைலின் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் நுனியின் தடிமன்: 25 என்றால் 0.25 மி.மீ. இரண்டாவது எண் டேப்பர், அதாவது நுனியிலிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எவ்வளவு பருக்கிறது என்பது. 4 விழுக்காடு என்றால் மில்லிமீட்டருக்கு 0.04 மி.மீ., 6 என்றால் 0.06.

இந்த இரண்டு எண்களை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும், வாதத்தின் பாதி விளங்கிவிடும். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேரின் நீளம் ஏறத்தாழ 14 மி.மீ. ஆகவே நுனியிலிருந்து 12 மி.மீ. மேலே வந்தால் பல்லின் கழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம். நுனி 25, டேப்பர் 6 உள்ள ஃபைல் அந்த இடத்தில் 0.97 மி.மீ. தடிமனில் இருக்கும். நுனி 35, டேப்பர் 4 உள்ள ஃபைல் அதே இடத்தில் 0.83 மி.மீ. இரண்டாவது ஃபைல் நுனியில் பெரியது, கழுத்தில் சிறியது. கழுத்தில் அது போடும் துளையின் பரப்பு கால் பங்குக்கு மேல் குறைவு. கிருமி தங்கும் அடிப்பகுதியில் கூடுதலாகவும், பாரம் தாங்கும் மேற்பகுதியில் குறைவாகவும் வெட்டுகிற ஃபைல் கைவசம் இருக்கும்போது, ‘எவ்வளவு குடைகிறோமோ அவ்வளவு சுத்தம்’ என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. கேள்வி எந்த இடத்தில் குடைகிறோம் என்பது.

0.14 மி.மீ. வித்தியாசத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், 4 டேப்பரையும் 6 டேப்பரையும் ஒப்பிட்டு, பிடுங்கிய பற்களை நசுக்கிப் பார்த்த ஆய்வக முடிவுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் கழுத்தில் வெட்டுவது முதன்மை ஃபைல் மட்டுமல்ல. அதற்கு முன்னால் வழியை அகலப்படுத்த, குழாயின் வாய் திறக்கும் ஃபைல் ஒன்றை விடுவார்கள், அல்லது கேட்ஸ் கிளிடன் என்னும் பழைய எஃகுத் துரப்பணத்தை விடுவார்கள். கேட்ஸ் கிளிடன் மூன்றாம் எண் 0.9 மி.மீ., நான்காம் எண் 1.1 மி.மீ. வாய் திறக்கும் ஃபைல்கள் சிலவற்றின் பருத்த பகுதி 1.2 மி.மீ. வரை போகும். இப்போது கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேரைப் பாருங்கள். அதைக் குறுக்காக அறுத்தால், பல்கூழ் இருக்கும் இரண்டு குழாய்கள் தெரியும், இடையில் வேர் இடுப்பு ஒடுங்கியதுபோல் குழிந்திருக்கும். பின்பக்கச் சுவர், அதாவது இரண்டு வேர்களும் பிரியும் கவட்டைப் பார்த்த சுவர், பல பற்களில் 1 மி.மீ. அளவே இருக்கும், சிலவற்றில் அதற்கும் குறைவு. எக்ஸ்ரே இதைக் காட்டாது. குழிவின் இரு பக்கமும் உள்ள மேடுகள் படத்தில் அதன்மேல் விழுந்து, சுவர் உண்மையில் இருப்பதைவிடத் தடிமனாகத் தெரியும். வளைந்த குழாயில் சுழலும் கருவி கழுத்துப் பகுதியில் இந்த மெல்லிய பக்கமாகவே சாயும். 0.83 போதும் என்ற இடத்தில் 1.2 மி.மீ. கருவி சாய்ந்து வெட்டினால், 1 மி.மீ. சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடலாம். இதைத் தெரிந்துதான் 1980-லேயே அபு ராஸும் இன்னும் இருவரும், ஃபைலைக் கவட்டுப் பக்கம் அழுத்தாமல் எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்ட வேண்டும் என்று எழுதினார்கள். ஆபத்து வலயம் என்ற பெயர் அந்த இடத்துக்கு ஒட்டிக்கொண்டது. 2010-ல் கிளார்க்கும் காதெமியும் இன்னும் தெளிவாக எல்லை போட்டார்கள்: எலும்பு விளிம்புக்கு மேலே 4 மி.மீ., கீழே 4 மி.மீ.; இந்தப் பகுதி டென்டினுக்கு, அதாவது எனாமலுக்கு உள்ளே பல்லின் உடலாக இருக்கும் திசுவுக்கு, மாற்று எதுவும் இல்லை, எந்தக் கிரௌனும் (பல்லுறையும்) அதை ஈடுகட்டாது.

கழுத்தில் குறைத்து வெட்டினால் கிருமிநாசினி உள்ளே போகுமா என்பது அடுத்த தடை. இதுதான் வலுவான எதிர்வாதம், இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1965-ல் காகெஹாஷியும் உடன் இருந்தவர்களும், கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் பல்கூழைத் திறந்து விட்டுப் பார்த்தார்கள். சாதாரண எலிகளின் பல்கூழ் அழுகியது; கிருமியில்லா எலிகளின் பல்கூழ் தன்னைத்தானே மூடிக்கொண்டது. நோய் கிருமியால்தான் என்பதில் அன்றிலிருந்து சந்தேகமில்லை. ஆனால் கிருமியை அரத்தால் மட்டும் சுரண்டி எடுத்துவிட முடியாது. 2001-ல் பீட்டர்ஸ் குழு நுண் சி.டி. ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, எந்த ஃபைல் முறையானாலும் குழாய்ச் சுவரில் 35 விழுக்காடும் அதற்கு மேலும் ஃபைல் தொடாமலேயே கிடந்தது. குழாய் வட்டமாக இல்லை, ஃபைல் வட்டமாகச் சுற்றுகிறது. தொடாத மூலை இருந்தே தீரும். அந்த மூலைகளுக்குப் போகக்கூடியது சோடியம் ஹைபோகுளோரைட் கரைசல்தான். கரைசலை ஊற்றும் 30 கேஜ் ஊசியின் வெளி விட்டம் ஏறத்தாழ 0.31 மி.மீ. ஊசி நுனிக்கு அருகில் இறங்க வேண்டுமானால் குழாயின் அடிப்பகுதி 30, 35 அளவுக்காவது திறந்திருக்க வேண்டும். நுனி 25-இல் நின்றுவிட்டு டேப்பரை மட்டும் பெருக்குகிறவர், ஊசிக்குத் தேவையில்லாத இடத்தில் வழி அமைத்துவிட்டுத் தேவையான இடத்தில் அடைத்து வைக்கிறார். டேப்பர் கூடினால் கரைசல் திரும்பி மேலே வர வசதி கூடும் என்பது உண்மை. 4 டேப்பரில் அந்த வசதி போதுமான அளவுக்கு இருக்கிறது, ஊசியை மெல்ல மேலும் கீழும் அசைத்து, நேரம் எடுத்து, அதிகக் கரைசல் விட்டால். ஃபைலை வெளியே எடுக்கும்போது அதன் புரிகளில் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தூள் பல்லின் துகள்தான். அது சுத்தமாக வரத் தொடங்கிவிட்டது என்பதால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அங்கே நிறுத்திக் கரைசலுக்கு வேலை கொடுப்பவரே நல்ல கைக்காரர். ஆனால் அதற்கும் அளவு உண்டு. வலுவான ஹைபோகுளோரைட்டில் நெடுநேரம் ஊறிய டென்டின் வளைவு தாங்கும் பலத்தை இழக்கிறது என்று 2001-ல் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள்.

இயந்திரமே வேண்டாம், பழைய கை ஃபைல்தான் பல்லுக்கு நல்லது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். எஃகு ஃபைல் டேப்பர் 2 மட்டுமே என்பதால் அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எஃகு வளைந்த குழாயில் நிமிர்ந்து கொள்ளப் பார்க்கும். நிமிரும்போது வளைவின் உட்பக்கமும் நுனியின் வெளிப்பக்கமும் தேவையில்லாமல் வெட்டுப்படும், சில நேரம் சுவரே துளைபட்டுவிடும். ஹாங்காங்கில் சியுங், லியு இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கடைவாய்ப் பற்களில் எஃகுக் கை ஃபைல் வைத்துச் செய்தவற்றில் 60 விழுக்காடும், சுழலும் நிக்கல் டைட்டானியம் வைத்துச் செய்தவற்றில் 77 விழுக்காடும் குணமாகியிருந்தன. குழாயின் நடுவிலேயே நிற்பதுதான் இயந்திர ஃபைலின் பெரிய கொடை. டேப்பர் அந்தக் கொடையோடு ஒட்டி வந்த செலவு, அதைக் குறைத்துக்கொள்ள இப்போது வழி இருக்கிறது: வழக்கமான 1.2 மி.மீ. கம்பிக்குப் பதில் 0.8 மி.மீ. கம்பியில் கடைந்த ஃபைல்கள் சந்தைக்கு வந்துவிட்டன, கழுத்தில் அவற்றால் 0.8-க்கு மேல் வெட்டவே முடியாது. விலை கூடுதல்தான். ஆனால் அவை கிடைக்காத கிளினிக்கிலும் 4 டேப்பர் ஃபைலும், கழுத்தில் வாய் திறக்கும் ஃபைலை ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறக்காத கட்டுப்பாடும் கிடைக்கும்.

சேமிப்பு என்று சொன்னவுடன் அதை ஓரத்துக்கே இழுத்துப் போகிறவர்கள் உண்டு. பல்லின் மேல் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை போட்டு அதன் வழியாகவே எல்லாக் குழாய்களையும் தேடுவது சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மோகமாக இருந்தது. இது நல்லதல்ல. கிருஷன் குழு 2014-ல் செய்த ஆய்வில் சிறு துளை பல்லின் பலத்தைக் காத்தது. ஆனால் கடைவாய்ப் பல்லின் பின் குழாயில் ஃபைல் தொடாத பகுதி கூடிப்போயிற்று. வேறு ஆய்வகங்களில் பலத்தில்கூட வித்தியாசம் தெரியவில்லை. மேல்தாடை முதல் கடைவாய்ப் பல்லில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இரண்டாவது முன்குழாய் ஒன்று ஒளிந்திருக்கும். துளை சிறிதாகிவிட்டால் அது தப்பிவிடும், தப்பிய குழாயில் கிருமி இருக்கும். அதைவிட முக்கியமான எண் 1989-ல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் மூவரும் தந்தது. முன்கடைவாய்ப் பல்லின் விறைப்பு, வேர் சிகிச்சைத் துளையால் மட்டும் 5 விழுக்காடு குறைந்தது. மேற்பரப்பில் சாதாரணச் சொத்தைக் குழி வெட்டினால் 20. பல்லின் முன்விளிம்பும் பின்விளிம்பும் போகும்படி வெட்டினால் 63 விழுக்காடு. அதாவது பல்லைக் கெடுப்பது நடுவில் போடும் துளையைவிட ஓரத்து முகடுகள் இடிவதுதான். துளை எல்லாக் குழாய்களையும் கண்ணால் பார்க்கும் அளவுக்கு இருக்கட்டும். முகட்டையும் கழுத்தையும் தொடாதிருக்கட்டும்.

வேர் சிகிச்சை செய்தால் பல் காய்ந்து, உலர்ந்த விறகு மாதிரி நொறுங்கும், அதனால் பிடுங்கிவிடுவதே மேல் என்ற பேச்சு நம் வீடுகளில் வழக்கம். 1992-ல் செட்க்லியும் மெஸ்ஸரும் ஒரே வாயின் இடது வலது பற்களை 23 ஜோடியாக எடுத்து, வேர் சிகிச்சை செய்ததையும் செய்யாததையும் சோதித்தார்கள். உயிருள்ள பல்லின் டென்டின் 3.5 விழுக்காடு கூடுதல் கடினம், மற்றபடி பலத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பல் காய்வதால் உடையவில்லை. வெட்டி எடுத்ததால் உடைகிறது. சுழலும் ஃபைல் வேரில் வெடிப்பு உண்டாக்குகிறது என்ற அச்சம் 2009 முதல் சில ஆண்டுகள் பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு, பல்லை அறுக்காமலேயே நுண் சி.டி. ஸ்கேனில் முன்னும் பின்னும் பார்த்தவர்கள், ஃபைலுக்குப் பின் தெரிந்த வெடிப்புகள் முன்பே இருந்தவை என்று கண்டார்கள். சென்னையில் பிரதீப்குமார் குழு 2017-ல் வெளியிட்டதும் இதையொட்டியதே: வேர் சிகிச்சையே காணாத பற்களிலும் வெடிப்பு உண்டு, வயது ஏறியவர்களின் பற்களில் அதிகம். தைவானில் 315 வேர் வெடிப்புகளைத் தொகுத்தபோது பத்தில் நான்கு, வேர் சிகிச்சை செய்யாத பற்களில் நேர்ந்தவை. கொட்டைப்பாக்கைக் கடிப்பதும், ஆட்டெலும்பைக் கடைவாயில் வைத்து உடைப்பதும், இரவில் பல்லை நறநறவென்று கடிப்பதும் ஃபைல் வராத வாயிலும் வேலையைக் காட்டும். வேர் சிகிச்சைக்குப் பிறகு எலும்பு கடிப்பதை நிறுத்திக்கொள்ளச் சொல்வது அதனால்தான், வெறும் உபதேசமாக அல்ல.

தோட்டத்து வாழ்க்கையில் பல்லுக்கு வரும் பெரிய ஆபத்து இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: வலி போய்விட்டது, ஆகவே திரும்பப் போகவில்லை. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் குழாய்க்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து அனுப்புவார்கள். 2002-ல் ஆன்ட்ரியாசன் குழு ஆட்டின் வளர்ச்சி முடியாத முன்பற்களில் அந்த மருந்தை நெடுநாள் வைத்துச் சோதித்து, ஓராண்டளவில் பல்லின் முறிவுப் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்று கணக்கிட்டது. அது ஆட்டுப் பல், நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மருந்தோடு பல மாதம் விட்டுவைக்கலாம் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. இன்னும் பெரிய இழப்பு கிரௌன் போடாமல் விடுவது. 2002-ல் அக்விலினோவும் காப்லனும் வெளியிட்ட ஆய்வில், கிரௌன் போடாத வேர் சிகிச்சைப் பற்கள் போட்டவற்றைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. கிரௌன் பல்லின் சுவரைச் சுற்றி 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்கு ஆரோக்கியமான பல்லைப் பிடித்தால்தான் நிற்கும். அந்த 2 மி.மீ. கழுத்துப் பகுதியில்தான் கிடைக்கும். கழுத்தைக் குடைந்தவர் கிரௌனின் பிடியையும் சேர்த்தே குடைந்துவிடுகிறார். கையில் காசு இல்லையென்றால், கடிக்கும் முகடுகளை மூடியபடி காம்போசிட் அல்லது அமல்கம் போட்டுத் தரச் சொல்லலாம். அது நிரந்தரமல்ல, ஆனால் முகடு பிளவுபடுவதைத் தள்ளிப்போடும். எந்தெந்த வேலை அந்தக் கிளினிக்கிலேயே நடக்கும், எது பரிந்துரைக் கடிதத்தோடு வெளியே போகும், கிரௌனுக்கு எவ்வளவு நாள் காத்திருப்பு என்பதை சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிளினிக்குக் கிளினிக் இது மாறும். சில பற்களுக்கு விடை வேறு: எலும்பு விளிம்பு வரை சொத்தை இறங்கி, சுவரில் 2 மி.மீ. கூட மிஞ்சாத பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வது காசுக்கும் நாளுக்கும் கேடு. அதைப் பிடுங்கச் சொல்லும் மருத்துவர்மேல் கோபப்பட வேண்டாம்.

நாற்காலியில் சாய்வதற்கு முன்னும் வேலை முடிந்து எழும்போதும், டாக்டரிடம் மூன்று விஷயங்களைச் சாதாரணமாகக் கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ரப்பர் டேம், அதாவது பல்லை மட்டும் தனித்து நிறுத்தும் ரப்பர் திரை, போடுவீர்களா? அது இல்லாமல் ஹைபோகுளோரைட்டைத் தாராளமாக விட முடியாது, கரைசலைக் குறைத்தவர் ஃபைலை நம்புவார், ஃபைலை நம்பியவர் அதிகம் வெட்டுவார். கடைசி ஃபைல் எந்த நுனி, எந்த டேப்பர்? விடை ‘35, 4’ போல வந்தால் நல்ல அறிகுறி. ‘25, 8’ என்று வந்தால் அது தவறு என்று சண்டை பிடிக்க வேண்டாம், நேரான ஒற்றைக் குழாய்க்கு அது சரியாகவே இருக்கலாம், கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேருக்கு அது ஏன் என்று மட்டும் கேளுங்கள். இந்தப் பல்லில் எத்தனை குழாய் கிடைத்தது, எந்த வடிவத்தில்? நம் வட்டாரத்தில் சீனர்களும் மலாய்க்காரர்களும் தமிழர்களும் கலந்து வாழ்கிறோம். கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லில் ‘சி’ எழுத்து வடிவக் குழாய் கிழக்காசியர்களிடம் பரவலாக உண்டு, அத்தகைய வேரில் சுவர் ஒரு பக்கம் மிக மெல்லியது, வாய் திறக்கும் ஃபைலை அங்கே கிட்டவே கொண்டுபோகக் கூடாது. இந்தப் பதில்களை, குழாயின் வேலை நீளத்தோடு, அதாவது ஃபைல் எவ்வளவு ஆழம் இறங்கியது என்ற அளவோடு சேர்த்து, சந்திப்பு அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு கிள்ளானிலோ தெலுக் இந்தானிலோ வேறொருவர் அந்தப் பல்லைத் திறக்க நேர்ந்தால், எக்ஸ்ரேயை வைத்து ஊகித்து மறுபடி குடைவதற்குப் பதிலாக, அட்டையைப் பார்த்து எங்கே நிறுத்தலாம் என்று அவருக்குத் தெரியும்.